நீண்டகாலப் பராமரிப்பு: தேவைப்படும் முன்பே திட்டமிடுவது எப்படி?

டாக்டர் தன் வேலையை முடித்துவிட்டு, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் இடத்தில்தான் நீண்டகாலப் பராமரிப்பு தொடங்குகிறது. அதன்பிறகு ஊசியும் ஸ்கேனும் பெரிய விஷயமில்லை. எழுப்பி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பது, நள்ளிரவில் கூப்பிட்டால் எழுந்து போவது, இவைதான் வேலை. மாதக்கணக்கில் நடக்கும், சில வீடுகளில் வருடக்கணக்கில்.

பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, டிமென்ஷியா எனும் மறதி நோய், பார்க்கின்சன், மூட்டுத் தேய்மானம் என்று காரணங்கள் பல. முதுமைக்கு மட்டும் உரியதும் அல்ல. சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டால் முப்பது வயதிலும் இதே தேவை வரும். பல குடும்பங்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்ற தைரியத்தில் இருப்பார்கள். அது பெரும்பாலும் மருத்துவமனைச் செலவுக்கானது. குளிப்பாட்டவும் இரவில் கூட இருக்கவும் வைக்கும் ஆளின் சம்பளத்தை அது தருவது அரிது. இது தெரியவரும்போது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

உங்களுக்காகத் திட்டமிட்டாலும், பெற்றோருக்காகத் திட்டமிட்டாலும் வழி ஒன்றுதான். பணத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நேரத்திலிருந்து தொடங்குங்கள். எத்தனை மணி நேரம் இன்னொருவரின் கை தேவைப்படும் என்று தெரிந்துவிட்டால் யார், எங்கே, எவ்வளவு என்ற மற்ற கேள்விகளுக்கு ஓரளவு பதில் கிடைத்துவிடும்.

முதலில்: எதெதற்கு உதவி வேண்டும்?

சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட பட்டியலைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆறு அன்றாடச் செயல்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. பொதுவாகக் குளிப்பதில்தான் முதலில் உதவி தேவைப்படும். தானே சாப்பிடும் திறன் கடைசிவரை நிற்கும். காப்பீட்டு நிறுவனங்களும் இந்த ஆறையோ, இதையொட்டிய பட்டியலையோ வைத்துத்தான் பணம் தரலாமா என்று முடிவு செய்கின்றன. அதனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆறில் தடுமாற்றம் வருவதற்கு முன்பே இன்னொரு வரிசை ஆட்டம் காணும். லாட்டன், பிராடி என்ற இருவர் 1969-இல் தொகுத்தது அது: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மாத்திரையைச் சரியாக எடுப்பது, பணத்தைக் கையாள்வது. கட்டிய பில்லையே மறுபடி கட்டுவது, மாதம் முடிந்தும் மாத்திரை அட்டையில் பாதி மிச்சம் இருப்பது, அடுப்பை அணைக்க மறப்பது போன்றவை தென்பட்டால் திட்டத்தைத் தள்ளிப்போடும் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. டாக்டரிடம் பேச்சைத் தொடங்க ஒரு நல்ல காரணம், அவ்வளவுதான்.

மணிக்கணக்கு போடுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. செய்தால் மிச்சமெல்லாம் எளிதாகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் பலமிழந்துவிட்டது. பேச்சு இருக்கிறது, ஒரு கையால் சாப்பிடவும் முடிகிறது. காலையில் எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், பல் துலக்கி, குளிப்பாட்டி, உடை மாற்றி நாற்காலியில் உட்கார வைக்க ஒன்றரை மணி நேரம். மூன்று வேளைச் சாப்பாட்டைத் தயார் செய்து பக்கத்தில் இருக்க இரண்டரை மணி. பகலில் கழிப்பறைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி என்றால் ஒன்றேகால். மாத்திரை, பயிற்சி எல்லாம் சேர்ந்து முக்கால் மணி. துணி, படுக்கை, சுத்தம் ஒரு மணி. மொத்தம் ஏழு மணி நேரம். வாரத்துக்கு 49. ஒரு நாள்கூட விடுப்பில்லாத முழுநேர வேலை இது. நடுத்தரமான நிலைமைக்கே இவ்வளவு.

இது கைவேலை நேரம் மட்டும். இதோடு இன்னும் இரண்டு வகை நேரம் உண்டு. ஒன்று, சும்மா உடனிருக்கும் நேரம். டிமென்ஷியா உள்ளவர் நன்றாக நடப்பார், தானே சாப்பிடுவார். ஆனால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடலாம், கேஸைத் திறந்துவிடலாம். கைவேலை இரண்டு மணிதான் இருக்கும், கண்காணிப்போ நாள் முழுக்க வேண்டும். இன்னொன்று இரவு நேரம். கடிகாரப்படி இரவில் இரண்டு முறை எழுந்தால் ஒரு மணி நேர வேலைதான். இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு, ஈரத்துணியை உருவி, மேலே துடைத்து, புதிய விரிப்பைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டு வந்தால் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். மூன்று மணிக்குக் கண்ணயர்ந்து ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டும். குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரவுகளில்தான் உடைகின்றன. எனவே இரவைத் தனி வரியாக எழுதுங்கள்.

தானே புரள முடியாமல் படுக்கையில் இருப்பவரைப் படுக்கைப்புண் வராமல் காக்க, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்வார்கள். மெத்தையையும் உடல்நிலையையும் பொறுத்து நர்ஸ் இந்த இடைவெளியை மாற்றலாம். எப்படியானாலும் அது இரவு பகல் பார்க்காத வேலை.

ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். எந்நேரமும் ஆள் வேண்டும் என்றால், வாரம் 42 மணி நேரம் வேலை செய்பவர்கள் நான்கு பேர் தேவை. ஒரு மகளோ ஒரு மருமகளோ இதைத் தனியாகச் செய்கிறார் என்றால், அந்த நான்கு பேரின் வேலையும் அவர் ஒருத்தி தலையில்தான் இருக்கிறது. இந்த எண்ணைக் குடும்பத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்று தாள் எடுத்துக்கொள்ளுங்கள். லேசான உதவி, நடுத்தரம், முழு உதவி என்று தலைப்பிட்டு, மூன்று வகை நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். துல்லியம் தேவையில்லை.

மணிகளுக்கு எதிரே பெயர் எழுதுங்கள்

"நாங்க எல்லாரும் இருக்கோம், பார்த்துக்கலாம்" என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குளிப்பாட்டப்போவது யார்? சனி இரவு யார்? அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் விழும்வரை அது திட்டமாகாது. பெயர் எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். கேட்காமலே வீட்டிலிருக்கும் பெண்ணின் பெயரை எழுதிக்கொள்வது எல்லா இடத்திலும் நடக்கிறது, அநியாயம் அது.

ஆளின் உடல்பலத்தையும் பாருங்கள். எழுபது வயது மனைவியால் எழுபத்தைந்து வயதுக் கணவரைத் தூக்க முடியாது. தூக்கினால் சீக்கிரமே பராமரிப்பு தேவைப்படுபவர்கள் இரண்டு பேர் ஆவார்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு. பில், காப்பீடு, டாக்டர் நேரம் வாங்குவது, மருந்து வரவழைப்பது எல்லாவற்றையும் அவர் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். வருடத்தில் இரண்டு முறை வந்து தங்கி, முக்கியமாகப் பார்த்துக்கொள்பவரை வெளியே அனுப்பி வைக்கலாம். அந்த ஓய்வு சலுகை கிடையாது. அதற்கும் ஆள், தேதி, பணம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று பலர் தயங்குகிறார்கள். நோயைப் பற்றிப் பேசினால் அபசகுனம், சொத்துக்கு அலைகிறான் என்று நினைப்பார்கள் என்ற பயம். உங்களிடமிருந்து தொடங்குவது நல்லது. "அம்மா, எனக்கு ஏதாவது ஆனா யார் முடிவு எடுக்கணும்னு ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்கேன். நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன், எனக்குக் குழப்பமே இருக்காது" என்று சொல்லிப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒரே கேள்வி போதும்: "நீங்க பேச முடியாத நிலையில இருந்தா, டாக்டர் எங்கள்ல யார்கிட்ட கேட்கணும்?" இதற்குப் பெரும்பாலானவர்கள் யோசிக்காமலே பதில் சொல்வார்கள். அதை அன்றைக்கே எழுதித் தேதி போடுங்கள்.

ஒரு வாக்குறுதியை மட்டும் தராதீர்கள்: "உங்களை எந்தக் காரணத்துக்காகவும் ஹோமில் விடமாட்டேன்." சொல்லும்போது பாசத்தில் சொல்வீர்கள், பின்னால் அதுவே கழுத்தை நெரிக்கும். "எங்கே இருந்தாலும் உங்களைத் தனியா விட்டுட மாட்டேன், முடிவை உங்களைக் கேட்டுத்தான் எடுப்பேன்" என்று சொல்லுங்கள். இதைக் காப்பாற்ற முடியும்.

வீட்டைத் தயார் செய்வது

குளியலறையிலிருந்து தொடங்குங்கள். வழுக்காத தரை, கழிப்பறை பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் பிடிகம்பி, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், கையில் பிடிக்கும் ஷவர். டவல் மாட்டும் கம்பி பிடிகம்பி ஆகாது. ஒருவரின் முழு எடையைத் தாங்குமாறு சுவரில் பொருத்த வேண்டும். உட்காரும் கழிப்பறையின் உயரம் 43 முதல் 48 சென்டிமீட்டர் இருந்தால் முழங்கால் வலி உள்ளவர்களும் எழுந்துகொள்வார்கள்.

அப்புறம் கதவு. குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறப்பதாகவோ நகர்த்துவதாகவோ மாற்றுங்கள். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

வீல்சேர் போக, கதவு திறந்த நிலையில் குறைந்தது 80 சென்டிமீட்டர் வழி வேண்டும். சாய்தளத்துக்கான பொதுவான அளவு 1:12, அதாவது ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு படி இருந்தாலும் 180 சென்டிமீட்டர் சாய்தளம் தேவை. மூன்று படி என்றால் 5.4 மீட்டர். அவ்வளவு இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். இல்லையென்றால் இந்த வீட்டிலேயே காலம் தள்ள முடியுமா என்ற கேள்வியைக் கால் நன்றாக இருக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். வீட்டை எப்படியும் மராமத்து செய்யப்போகிறீர்கள் என்றால், சுவரைத் திறக்கும் அந்தச் சமயத்திலேயே இவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே பார்ப்பது

ஹோம் வேண்டாம் என்று நினைப்பவர்களும் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் தேடினால் காலியாக இருக்கும் இடம்தான் கிடைக்கும். சொல்லிவிட்டு ஒரு முறை போங்கள், அனுமதி இருந்தால் சொல்லாமல் ஒரு மாலையோ விடுமுறை நாளோ போங்கள். வரவேற்பறையைப் பார்த்து மயங்க வேண்டாம். அழைப்பு மணி அடித்து எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார், சாப்பாட்டு நேரத்தில் தானே சாப்பிட முடியாதவருக்கு யார் ஊட்டுகிறார், தட்டு தொடாமலே திரும்பிப் போகிறதா என்று கவனியுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். நிலைமை மோசமானாலும் வைத்துக்கொள்வார்களா, அழைத்துப் போகச் சொல்வார்களா? ஊழியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? நடுவில் விலகினால் முன்பணம் திரும்ப வருமா? இந்தப் பதில்களை ஒப்பந்தத்திலும் தேடிப் பாருங்கள்.

வீட்டுக்கு ஆள் வைப்பதானால், அவர் வராத நாளுக்கு யார் என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். வருபவருக்கும் தூங்கும் நேரமும் வார விடுப்பும் கொடுங்கள். தூக்கமில்லாத கையிலிருந்து மாத்திரை தவறிப்போகும்.

கையெழுத்துப் போட முடியும்போதே போட வேண்டியவை

சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு, ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

உங்கள் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நாடுகளில், எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் மனத்திறனை இழந்ததும் சாதாரணப் பவர் செல்லாமல் போய்விடும். எதற்காக எழுதினோமோ அந்த நேரத்திலேயே அது கைவிட்டுவிடும். அதனால்தான் மனத்திறன் போன பிறகும் நீடிக்கும் தனி வகைப் பத்திரத்தைச் சில நாடுகள் வைத்திருக்கின்றன. உங்கள் நாட்டில் அது உண்டா, இல்லையென்றால் நீதிமன்றம் மூலம் காப்பாளரை நியமிக்கும் வழி என்ன என்று கேளுங்கள்.

மருத்துவ முடிவுகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். உங்கள் சார்பில் பேசப்போவது யார், குணமாக வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது இது. லூயிஸ் குட்னர் என்ற வழக்கறிஞர் இந்த யோசனையை 1969-இல் ஒரு சட்ட இதழில் விரிவாக எழுதினார். இன்று பல நாடுகளில் இதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. எழுதியதன் நகல் பேசப்போகிறவரிடமும் டாக்டரிடமும் இருக்க வேண்டும். பீரோவுக்குள் பூட்டிய தாளை நள்ளிரவில் யாரும் தேடப்போவதில்லை.

டிமென்ஷியா என்று தெரிந்துவிட்டதா? அந்த நாளோடு எல்லாம் முடிந்துவிடாது. ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு முடிவெடுக்கும் திறன் நன்றாகவே இருக்கும். டாக்டரிடம் அதற்கான மதிப்பீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, பத்திர வேலைகளை உடனே முடியுங்கள். மாதக்கணக்கில் தள்ளக்கூடாது.

பணம்

இப்போது பணத்துக்கு வரலாம். குடும்பத்தால் நிரப்ப முடியாத மணிகளை உங்கள் பகுதியில் ஒரு மணிக்கு ஆகும் கூலியால் பெருக்குங்கள். அதோடு டயபர், மெத்தை, வீல்சேர், வீட்டு மாற்றம், போக்குவரத்து. வேலையை விடப்போகிறவரின் இழந்த சம்பளமும் பின்னாளில் குறையப்போகும் ஓய்வூதியமும் செலவுதான், அதை எழுத மறக்காதீர்கள். எத்தனை காலம் என்று யாருக்கும் தெரியாது. எனவே ஆறு மாதம், மூன்று வருடம், பத்து வருடம் என்று மூன்று கணக்கு போடுங்கள்.

விலைவாசியையும் சேருங்கள். 72-ஐ வருட ஏற்ற விகிதத்தால் வகுத்தால் செலவு இரட்டிப்பாகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். ஆறு சதவீதம் என்றால் 12 வருடம்.

ஜெர்மனி 1995-இலும், ஜப்பான் 2000-இலும், தென் கொரியா 2008-இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே சமூகக் காப்பீட்டைக் கொண்டு வந்தன. அப்படி ஒன்று நீங்கள் வாழும் இடத்தில் உண்டா என்று முதலில் பாருங்கள். தனியார் பாலிசி எடுப்பதானால் இவற்றைக் கேளுங்கள்: ஆறு செயல்களில் எத்தனை முடியாமல் போனால் பணம் தருவார்கள், இரண்டா மூன்றா? உடல் நன்றாக இருந்து நினைவு மட்டும் போனால் தருவார்களா? தொடக்கத்தில் எத்தனை நாள் கைக்காசு போட வேண்டும்? 90 நாள் காத்திருப்பு பல பாலிசிகளில் உண்டு. தொகை விலைவாசிக்கு ஏற்ப உயருமா? எத்தனை வருடம் தருவார்கள்? நோய் வந்த பிறகு இந்தப் பாலிசி கிடைப்பது அரிது, அதனால் யோசிப்பதானால் திடமாக இருக்கும்போதே யோசியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வீட்டை உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உயிலில் எழுதலாம். இருப்பிடமும் சேமிப்பும் உங்கள் பெயரில் இருக்கும்வரை முடிவும் உங்கள் கையில் இருக்கும்.

தேவைப்படும் மணிகளைக் குறைப்பது

காலில் பலம் இருந்தால் கழிப்பறைக்குத் தானே போவீர்கள், அட்டவணையிலிருந்து பல மணிகள் அப்படியே கழியும். கைப்பிடியில்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி எளிது, பலன் அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், காது எதையும் தள்ளிப்போட வேண்டாம். கேட்கும் திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், தனிமை உட்பட 14 காரணிகளைச் சரிசெய்ய முடிந்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் கணித்தது. மாத்திரை ஐந்துக்கு மேல் போனால் எல்லாம் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், சில மாத்திரைகளே தலைசுற்றி விழ வைக்கும்.

கோப்பில் இருக்க வேண்டியது

ஒரே கோப்பு. நோய்கள், ஒவ்வாமை, மாத்திரை அளவு, டாக்டர் எண், காப்பீடு, வங்கி, பத்திரங்கள் எங்கே, போன் பாஸ்வேர்டு யாரிடம், மணிக்கணக்கு எழுதிய மூன்று தாள்கள். இதோடு இன்னொரு பக்கம் கட்டாயம் வேண்டும், உங்களைத் தெரியாத ஒருவர் உங்களைத் தொடப்போகிறார் அல்லவா, அவருக்கு. எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள், வெந்நீர் எவ்வளவு சூடு, விளக்கு எரிய வேண்டுமா, உடை மாற்றும்போது கதவு சாத்தியிருக்க வேண்டுமா, குளிப்பாட்டுவது ஆணா பெண்ணா. வாய் பேச முடியாமல் படுத்திருக்கும்போது இந்த ஒரு பக்கம்தான் உங்களுக்காகப் பேசும்.

வருடத்துக்கு ஒரு முறை கோப்பைத் திறந்து மாத்திரைப் பட்டியலையும் பெயர்களையும் சரிபாருங்கள். விழுந்தாலோ, மருத்துவமனையில் சேர்ந்தாலோ, பெயர் எழுதியிருந்த ஒருவர் ஊர் மாறினாலோ இறந்தாலோ அந்த வாரமே மணிக்கணக்குத் தாளைப் புதிதாக எழுதுங்கள். பென்சிலால் எழுதுவது வசதி.